குஜெங்கோடு கிதார் சேரும்போது

கேள்வி: வீட்டுக் கணினியில் தனியாக இசையமைத்து வெளியிட்டு வருகிறேன். சீனத்தின் குஜெங் (கிடைமட்டமாக வைத்துக் கம்பிகளை மீட்டுவது), எர்ஹு (வில்லால் வாசிக்கும் இருகம்பி வாத்தியம்) ஆகியவற்றை ராக் இசையோடு சேர்த்தால், மேலே ஒட்டவைத்தது போலவே கேட்கிறது. எங்கே தொடங்க வேண்டும்?
– வாசகர், ஈப்போ

பதில்: பாடலை முழுவதும் முடித்துவிட்டு, கடைசியில் சீன வாத்தியத்துக்கு இடம் தேடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். வாத்தியத்தின் சுருதியமைப்பிலிருந்தே மெட்டைத் தொடங்குங்கள். இன்றைய குஜெங்கில் 21 கம்பிகள் உண்டு. கம்பிக்கு ஒன்றாக நகர்த்தக்கூடிய குதிரைகள் (கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகள்) நிற்கும். வழக்கமாக டி சுருதியில், நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களுக்கே அதைக் கூட்டி வைப்பார்கள். மோகனத்தில் இல்லாத மத்தியமமும் நிஷாதமும் வேண்டுமானால், காந்தாரக் கம்பியையும் தைவதக் கம்பியையும் குதிரைக்கு இடப்புறம் இடக்கையால் அழுத்தித்தான் பெற வேண்டும். ஆகவே அடிக்கடி சுருதி மாறும் பாடல் இதற்குப் பொருந்தாது. ஜி சுருதிக்கு மாறுவது மட்டும் எளிது: நான்கு காந்தாரக் கம்பிகளின் குதிரைகளைச் சற்றே நகர்த்தி அரைச்சுரம் உயர்த்தினால், மத்தியமத்தை ஆதாரமாகக் கொண்ட இன்னொரு மோகனம் கிடைத்துவிடும். (ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.)

எர்ஹுவின் சிக்கல் வேறு. அதன் வில் இரண்டு கம்பிகளுக்கும் இடையில் கோக்கப்பட்டிருக்கும். விரற்பலகை கிடையாது என்பதால், விரல் கம்பியை மட்டுமே தொட்டு, சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கல்தான் எர்ஹுவின் குரல்; கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி அதைக் கொண்டுவர முடியாது. மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தை ஒரு கலைஞருக்குக் கொடுத்து, அவர் வாசித்ததை முதலில் பதிவு செய்யுங்கள். கிதாரை அதைச் சுற்றி அமையுங்கள். சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே ஒலிக்கும் பவர் கார்டில் காந்தாரம் இல்லாததால், வழுக்கலோடு அது அவ்வளவாக மோதாது.

மெட்டிலிருந்தே தொடங்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பெய்ஜிங்கில் சிம்பொனிக் குழுவொன்றில் டிரம்பெட் வாசித்த ராக் பாடகர் சுய் ஜியான், 1986இல் அங்குள்ள தொழிலாளர் விளையாட்டரங்கில் பாடிப் புகழ்பெற்ற பாடலின் மெட்டிலேயே வடமேற்குச் சீன நாட்டுப்பாடலின் சாயல் இருந்தது. 1989இல் வந்த அவருடைய ஆல்பத்தில், நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் சுவோனா அதே பாடலுக்குள் நுழையும்போது விருந்தாளியாகத் தோன்றாததற்கு அதுவே காரணம் என்பேன்.

பழைய மெட்டை எடுத்தாள்வதாக இருந்தால் பதிப்புரிமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நாட்டுப்பாடல் என்று பலரும் நினைக்கும் சில மெட்டுகள், 1996இல் மறைந்த சீன இசையமைப்பாளர் வாங் லுவோபின் ஆக்கியவை.