ஏர்கோன் கேஸ் வருடா வருடம் தீருமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் 1 எச்பி ஏர்கோனை 16 டிகிரியில் வைத்தாலும் அறை குளிர நேரமாகிறது. சர்வீஸுக்கு வருபவர் ஒவ்வொரு வருடமும் கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி நிரப்புகிறார். மின்கட்டணமும் ஏறுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, செந்தூல்

பதில்: ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வருடா வருடம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. வெளி யூனிட்டில் குழாய்களை இணைக்கும் நட்டை முதலில் சந்தேகப்படுங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, ஓடும்போது மெல்லிய குழாயில் பனி படர்ந்தாலோ கசிவுக்கு அடையாளம். சோப்பு நுரை தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். புதிய ஏர்கோன்கள் பலவற்றில் இருக்கும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது. யாரையும் நெருப்பு காட்டித் தேட விடாதீர்கள். கசிவை அடைத்து, குழாயை வேக்குவம் செய்து (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), யூனிட்டின் தகட்டில் போட்டிருக்கும் அளவுக்குத் தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். கசிவை விட்டுவிட்டு கேஸை மட்டும் நிரப்புவது வீண் செலவு.

கேஸ் சரியாக இருந்தும் குளிரவில்லையா? ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், உள் காயிலில் பனி கட்டும், பிறகு உருகித் தண்ணீர் சொட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்து, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை உருவிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வெளி யூனிட்டின் முன்னால் துணி காயப்போடாதீர்கள்.

16-இல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏர்கோனில் கம்ப்ரசர் எந்த டிகிரியிலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16-ஐ எட்ட முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். 900 வாட் இழுக்கும் ஏர்கோன் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 7.2 யூனிட் மின்சாரம்; மாதத்துக்கு 216. 25-இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். 2025 ஜூலையில் மாறிய கட்டண முறையில் மாதம் 600 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு பில்லில் மாதாமாதம் சேரும் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் (ரீடெய்ல் சார்ஜ்) கிடையாது. உங்கள் பில் அந்த எல்லையை ஒட்டி இருந்தால், இந்த ஒரு மாற்றமே கீழே கொண்டுவந்துவிடும்.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் சுவிட்சை எப்போதும் போட்டு வைக்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சுவரில் மாட்டும் சிறிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் தண்ணீர் ஓடும்போது மட்டுமே சூடாக்கும், சுவிட்சு போட்டிருப்பதால் பெரிய செலவில்லை. என்றாலும் பாதுகாப்புக்காகக் குளித்ததும் அணைப்பதே நல்லது. செலவு குளிக்கும் நேரத்தில்தான்: 3.6 கிலோவாட் ஹீட்டரில் நான்கு பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட். தொட்டி ஹீட்டர் என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடாக்கும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டால் போதும். எந்த வகையானாலும் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அந்த ஹீட்டரில் குளிக்காதீர்கள், உடனே வயர்மேனை அழையுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது. புதிது வாங்க வேண்டுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். நழுவி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெந்நீரும் சோப்பும் கொண்டு அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.