சர்வர் கண்காணிப்பும் எஸ்என்எம்பியும்: டர்பன் வட்டாரத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில்

சாட்ஸ்வொர்த், பள்ளிக் கணினிப் பொறுப்பாளர்: ஐயா, மிப் கோப்பு கிடைக்கவில்லை. அது இல்லாமல் சர்வரைக் கண்காணிக்க முடியாதா?

முடியும். எஸ்என்எம்பி என்பது வலைவழியே கருவிகளின் நிலையைக் கேட்டறியும் முறை. ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளிகள் வைத்த ஒரு முகவரி எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டால், சர்வர் அதன் மதிப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு என்ன பெயர், என்ன பொருள் என்பதை மிப் கோப்பு சொல்கிறது. ஆனால் பொருள் தெரியாமல் எண்ணை வைத்திருப்பதில் என்ன ஆபத்து என்று அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ், சிறு நிறுவன ஊழியர்: அண்ணா, டெல் சர்வர் இரண்டு, ஹெச்பி சர்வர் ஒன்று. நிலை 3 என்றால் நலம் என்று விதி போட்டேன். ஹெச்பியில் மின்விசிறி பழுதான பிறகும் திரையில் பச்சைதான் தெரிந்தது. ஏன்?

டெல் சர்வரின் மேலாண்மைச் சில்லான ஐடிராக்கில் ஒட்டுமொத்த நிலையைச் சொல்லும் எண் 1.3.6.1.4.1.674.10892.5.2.1.0. அதில் 3 என்றால் நலம், 4 எச்சரிக்கை, 5 ஆபத்து. ஹெச்பியில் 1.3.6.1.4.1.232.6.1.3.0 என்ற எண்ணைக் கேட்க வேண்டும். அங்கே 2தான் நலம். 3 என்றால் குறைபாடு, 4 என்றால் பழுது. ஹெச்பி உரக்கச் சொன்ன புகாரை உங்கள் விதி நலம் என்று எழுதிக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனி விதி எழுதுங்கள்.

இன்னொன்று. ஹெச்பியில் அந்த எண் விசிறி, வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றைப் பற்றியது. வட்டுகளின் நிலை 1.3.6.1.4.1.232.3.1.3.0 என்ற வேறு கிளையில் இருக்கிறது. அதையும் கேட்காதவர்கள் ரெய்டில் (பல வட்டுகளைச் சேர்த்து அமைத்த தொகுப்பு) ஒரு வட்டு போனது தெரியாமல், இரண்டாவது வட்டு போகும்போதுதான் விழிக்கிறார்கள். இப்படிக் கிளை கிளையாக உள்ள எண்கள் முழுவதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாரி எடுப்பதும் வேண்டாம். பதில் சொல்லும் மேலாண்மைச் சில்லு திணறும். நீங்கள் நடவடிக்கை எடுக்கப்போகும் எண்களை மட்டும் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பழுது வந்தால் சர்வரே டிராப் அனுப்புமே, நாம் ஏன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்?

டிராப் என்பது யுடிபி என்ற அனுப்பும் முறையில் 162ஆம் போர்ட்டுக்கு (வலை வாயில் எண்) ஒரே ஒரு முறை வீசப்படும் செய்தி. வந்து சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மின்வெட்டில் இடையிலுள்ள ஸ்விட்ச் அணைந்தால் செய்தியும் அதோடு போயிற்று. இன்ஃபார்ம் என்ற இன்னொரு வகைச் செய்தி ஒப்புதல் கேட்கும் என்பதால் அது மேல். ஆனால் இரண்டையும் நம்பி நாமே கேட்பதை நிறுத்திவிடக் கூடாது. பதில் வராததையும் ஓர் எச்சரிக்கையாக வையுங்கள்.

வெருலம், கோயில் அலுவலகம்: யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும் என்று காட்டியது, பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது.

1.3.6.1.2.1.33.1.2.3 தரும் மீதி நிமிடம் வெறும் மதிப்பீடு. பேட்டரி கிழமாகிவிட்டால் அந்தக் கணக்கு பொய்க்கும். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் ஒரு நாளில் பலமுறை வடிந்து, முழுதாக ஏறுவதற்குள் மீண்டும் வடிந்த ஈயப் பேட்டரிகள் நம் ஊரில் ஏராளம். நம் கடற்கரை வெக்கையும் அவற்றின் ஆயுளைக் கரைக்கும். மதிப்பீட்டை நம்பாமல், அதே கிளையில் 1.3.6.1.2.1.33.1.2.2 காட்டும் ‘பேட்டரியில் ஓடிய விநாடி’யைக் கவனியுங்கள். மின்சாரம் இருக்கும்போது அது 0. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் சர்வரை முறையாக அணைக்கும் கட்டளை ஓடட்டும். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்: ஒன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய சர்வர் திடீரென மறுதொடக்கம் ஆனதாக எச்சரிக்கை வந்தது. போய்ப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை.

சர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் எண்ணி, விநாடியில் நூறில் ஒரு பங்கை 32 பிட்டில் எண்ணுகிறது. 497 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பயப்படாதீர்கள். ஆனால் 497 நாளாக பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடாமல் இருந்திருக்கிறீர்களே, அதற்குப் பயப்படுங்கள்.

டோங்காட்: எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல இருக்கும் கம்யூனிட்டி பெயர் ‘பப்ளிக்’ என்றே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

இன்றே. ஆனால் வேறு பெயர் வைத்தாலும் எஸ்என்எம்பி பதிப்பு 2சி அதை மறைக்காமல்தான் அனுப்பும். பதிப்பு 3இல் அடையாளச் சரிபார்ப்பு, மறையாக்கம் இரண்டையும் இயக்குங்கள். எழுதும் உரிமையை யாருக்கும் தராதீர்கள். 161ஆம் போர்ட்டைக் கண்காணிப்புக் கணினிக்கு மட்டும் திறந்து வையுங்கள்.