ரேகையும் இரவுக் கட்டுப்பாடும்

அன்புள்ள ஐயா,

திருப்பூர்ப் பக்கம் எங்கள் பகுதியில் வடமாநிலத்துப் பையன்கள் நிறையப் பேர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு செயின் பறிப்பில் அவர்களில் இருவர் பிடிபட்டார்கள். வடமாநிலத்தவர் எல்லாரிடமும் கைரேகை வாங்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் வெளியே வரக்கூடாது என்று இப்போது குடியிருப்போர் சங்கத்தில் பேசுகிறார்கள். எல்லாரையும் திருடன் என்பது தப்புதான். ஆனால் பதிந்து வைப்பதில் என்ன கெடுதல்? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

எம். ஆர்.

அன்புள்ள எம். ஆர்.,

உங்கள் சங்கம் கேட்கும் இரண்டையும் மதுரைப் பக்கம் நூறு வருடம் முன்பே செய்து பார்த்தாயிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம். ஊர் வழக்கில் ரேகைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவில் வந்தது. 1911-ல் மாற்றி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கும். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி சட்டத்திலேயே அடைத்துவிட்டார்கள். பிறகு பேரும் ரேகையும் பதிவேட்டில் ஏறும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். பலர் ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும்.

கெடுதல் தொடங்குவது இங்கேதான். ஆஜராகாவிட்டால் அதுவே குற்றம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் தங்கினாலும், சந்தைக்குப் போய்த் திரும்ப நேரமானாலும் தண்டனை. அந்தத் தண்டனையும் அந்தச் சாதியின் கணக்கில்தான் ஏறும். பின்னாளில் கணக்கைப் புரட்டுகிறவருக்கு அது திருட்டா தாமதமா என்று எங்கே தெரியும்? பதிவேடு தனக்கு வேண்டிய குற்றவாளிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதற்கு மேல், கொள்ளை போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் அப்படி அறிவிக்கப்பட்ட கூட்டத்தவர் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 7 ஆண்டு. மூன்றாவது என்றால் ஆயுளுக்கும் நாடு கடத்தல். அதே குற்றத்தைச் செய்த மற்றவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

பட்டியலில் ஏறியவர்களில் சிலர் அதற்கு முன்பே பிழைப்பை இழந்தவர்கள். குறவர்களில் பலர் மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் கொண்டுபோய் விற்றவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானது, ரயிலும் வந்தது, வியாபாரம் நொடித்தது. நிலையான வீடின்றி அலைகிறார்கள் என்பதே பிறகு அவர்கள்மேல் சந்தேகமானது.

இன்னொன்று, பட்டியல் நின்ற இடத்தில் நிற்காது. பிறமலைக் கள்ளரில் முதலில் பதியப்பட்டது கீழக்குயில்குடிக்காரர்கள். சில ஆண்டுகளில் அந்தச் சமூகம் முழுவதும். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் போனது, நாடு முழுக்க 1952-ல். கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. சீர்மரபினரை, அதாவது முன்பு அந்தப் பட்டியலில் இருந்த சமூகத்தவரை, கண்டபடி கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பதினொன்றுக்கு ரூமுக்குத் திரும்பும் பையனை நினைத்துப் பாருங்கள். உங்கள் விதிப்படி அவன் தினமும் பிடிபடுவான். ஒரு மாதம் கழித்து 'வடமாநிலத்தவர் இத்தனை முறை விதி மீறினார்கள்' என்று சங்கத்தில் ஒருவர் எழுந்து படிப்பார். பறித்தவன் உள்ளூர்க்காரனாக இருந்தால் உங்கள் ரேகைப் புத்தகத்தில் அவன் இருக்கவும் மாட்டான்.

சங்கம் இப்படி ரேகை வாங்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. வேண்டுமானால் கம்பெனி வைக்கட்டும்: பெயர், முகவரி, வீட்டுத் தொலைபேசி எண், சம்பளம், கூட்டிவந்த காண்ட்ராக்டர் யார் என்ற விவரம். உள்ளூர் ஆள் உட்பட எல்லாருக்கும் ஒரே பதிவேடு. புலம்பெயர் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமம், பதிவுக் கடமைகளைக் காண்ட்ராக்டர், முதலாளி தலையில்தான் வைத்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஸ்டேஷனில் ஒரு கணக்குக் கேளுங்கள். போன வருடம் உங்கள் பகுதியில் மொத்தம் எத்தனை பறிப்பு, எத்தனையில் ஆள் பிடிபட்டது, அதில் வடமாநிலத்தவர் எத்தனை பேர். கைது வேறு, தண்டனை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வந்த எண்ணை அங்கே வேலை செய்யும் மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். கூடவே, பறிப்பு நடந்த தெருவில் விளக்கு எரிகிறதா, கேமராவில் வண்டி நம்பர் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.