எக்ஸ்எஸ்எல்டியில் தேதி வாரியாக வரிசைப்படுத்தும்போது பதிவுகள் ஏன் இடம் மாறி நிற்கின்றன?

உங்கள் எக்ஸ்எம்எல் கோப்பில் தேதிகள் நாள், மாதம், ஆண்டு என்ற முறையில் இருப்பதாகவும், ஏறுவரிசை கேட்டும் 05/11/2021 என்ற பதிவு 12/03/2019 என்ற பதிவுக்கு முன்னால் வந்து நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிழை வரிசைப்படுத்தும் உங்கள் சார்ட் கட்டளையில் இல்லை. எக்ஸ்எம்எல் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியின் 1999இல் வெளியான 1.0 பதிப்பில் தேதி என்ற தரவு வகையே கிடையாது. அது உங்கள் தேதியை வெறும் எழுத்துச் சரமாகக் கருதி இடமிருந்து ஒப்பிடுவதால், 05 என்று தொடங்குவது 12 என்று தொடங்குவதற்கு முன்னால் வந்துவிடுகிறது.

நான் முதன்முதலில் இதில் மாட்டிக்கொண்டபோது தரவு வகையை 'நம்பர்' என்று மாற்றிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். சாய்கோடு உள்ள சரம் எண்ணாக மாறாது என்பதால் எல்லாத் தேதிகளும் 'எண் அல்ல' என்ற ஒரே மதிப்பைப் பெற்று, பதிவுகள் கோப்பில் இருந்த வரிசையிலேயே அசையாமல் நிற்க, சார்ட் வேலையே செய்யவில்லை என்று ஒரு நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது, ஆண்டு முதலிலும் மாதம் அடுத்தும் நாள் கடைசியிலும் வருமாறு ஒப்பீட்டுக்கான சரத்தை நீங்களே அமைத்துக் கொடுப்பதுதான். சார்ட்டின் 'செலக்ட்' பண்பில் 'சப்ஸ்ட்ரிங்' செயற்கூற்றைக் கொண்டு 7ஆம் இடத்திலிருந்து 4 எழுத்துகள், 4ஆம் இடத்திலிருந்து 2, 1ஆம் இடத்திலிருந்து 2 என எடுத்து 'கான்கேட்' மூலம் ஒட்டினால், 20211105, 20190312 என்ற சரங்கள் கிடைக்கும். இவற்றை எழுத்தாக ஒப்பிட்டாலும் எண்ணாக ஒப்பிட்டாலும் விடை ஒன்றே. ஆனால் 5/3/2021 என்று சுழியம் இல்லாமல் எழுதப்பட்ட தேதிகளும் கலந்திருந்தால் இந்த இடக்கணக்கு தவறிவிடும் என்பதால், சாய்கோட்டை வைத்துப் பிரித்து, நாளையும் மாதத்தையும் 'ஃபார்மேட்-நம்பர்' கொண்டு ஈரிலக்கமாக்கிய பிறகே ஒட்ட வேண்டும்.

2007இல் வந்த 2.0 பதிப்பில் தேதி வகை உண்டு. இருப்பினும் அதுவும் 2021-11-05 என்ற வடிவத்தையே ஏற்கும் என்பதால், உங்கள் தரவுக்கு இதே வெட்டி ஒட்டும் வேலை அங்கேயும் தேவைப்படும். காலியான தேதியோ பிப்ரவரி 30 போன்ற இல்லாத தேதியோ வந்தால் பிழை காட்டி நின்றும் விடும். கோப்பைத் தயாரிப்பவரிடமே ஆண்டு முதலில் வரும் வடிவத்தைக் கேட்டு வாங்குவது என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விட நல்லது.

வரிசை சரியான பிறகு, ஆண்டு மாறும் இடத்தில் தலைப்பு போடுவதற்காக ஒரு பதிவுக்கு முன்னால் உள்ள பதிவுகளைத் தேடித்தரும் 'முந்தைய உடன்பிறப்பு' (பிரிசீடிங்-சிப்ளிங்) அச்சைப் பயன்படுத்தாதீர்கள். பதிவின் இட எண்ணைத் தரும் 'பொசிஷன்' செயற்கூறு புதிய வரிசையைச் சொல்லும், அந்த அச்சோ மூலக் கோப்பின் பழைய வரிசையையே பார்க்கும்.