உபுண்டு நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லையா?

வணக்கம். விண்டோஸ் 11 பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடப் போனால், எங்கே நிறுவுவது என்று கேட்கும் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, பெங்களூரு எஸ்பி ரோடு கடையில் லேப்டாப்பின் சேமிப்பகமான எஸ்எஸ்டியையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். விண்டோஸ் அதிலிருந்து ஒழுங்காக ஓடும்போது எஸ்எஸ்டி மேல் சந்தேகப்படக் காரணமே இல்லை.

பெரும்பாலும் இது இன்டெல் ஆர்எஸ்டி, அதாவது சேமிப்பகத்தை நிர்வகிக்கும் இன்டெல் நுட்பத்தின் வேலை. அது இயங்கினால் உபுண்டுவின் கண்ணுக்கு எஸ்எஸ்டி படாது. லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், சேமிப்பகம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் சேட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். 11ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஆர்எஸ்டியோடு சேர்ந்த அமைப்பு விஎம்டி என்ற பெயரில் இருக்கும், அதை அணையுங்கள். ஏசர் லேப்டாப்பில் இது ஒளிந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

ஆனால் நேரே போய் மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அல்சூரில் என் அக்கா வீட்டு லேப்டாப்பில் அப்படித்தான் ஆனது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். அதனால் முதலில் பிட்லாக்கரின் (விண்டோஸ் தகவல்களைப் பூட்டி வைக்கும் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் விண்டோஸிலேயே எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் சேஃப் மோடில் திறக்கும்; அதில் பின் எண் சில நேரம் எடுக்காது, பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும். உள்ளே வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை சாதாரணமாகத் திறந்து பாருங்கள்.

சரியாக வந்தால் பென்டிரைவைச் செருகுங்கள், எஸ்எஸ்டி தெரியும். தெரியாவிட்டால் லேப்டாப் மாடலையும் பயாஸ் திரையின் படத்தையும் போடுங்கள், பார்க்கிறேன்.