ரை துறைமுகம் தூர்ந்தது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஐந்து துறைமுகங்கள் கூட்டமைப்பு பற்றிய தங்கள் கட்டுரையில் ரை ஊரையும் துறைமுகம் என்று எழுதியிருந்தீர்கள். வரைபடத்தில் கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே. கடல் பின்வாங்கியதா, ஆற்று மண் தூர்த்ததா?

கதிர்

அன்புள்ள கதிர்,

மண் பாதிக் காரணம்தான். மீதி, மனிதர் போட்ட கரைகள்.

ரோதர் ஆறு முன்பு கிழக்கே நியூ ராம்னியில் கடல் சேர்ந்தது. 1287 புயல் அந்த வாயைக் கல்லும் சேறும் கொட்டி அடைத்துவிட, ஆறு ரை பக்கம் திரும்பியது. நியூ ராம்னியின் செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்துக்குள் போக இன்றும் தெருவிலிருந்து படி இறங்க வேண்டும். தெரு அவ்வளவு மேடாகிவிட்டது. உள்ளே தூண்களில் சேற்றுக் கறை தெரியும். பக்கத்துத் துறைமுக ஊரான பழைய வின்செல்சீ கடலுக்குள்ளேயே போயிற்று. ரைக்கு மட்டும் யோகம் அடித்தது.

அந்த யோகத்தைக் கெடுத்தது சதுப்பு நிலத்தின் மேல் வைத்த ஆசை. இத்தகைய கழிமுகத்தைத் தூர்வாரி வைத்திருப்பது பெரும்பாலும் ஓதநீர், அதாவது தினமும் ஏறி வடியும் கடல்நீர். ஏறும்போது சதுப்பு முழுக்கப் பரவும். வடியும்போது அத்தனை நீரும் ஒரே குறுகிய வாயில் பாய்வதால் வண்டலை அரித்துக்கொண்டு போகும். சதுப்பில் கரை போட்டு மேய்ச்சல் நிலமாக்கினால் உள்ளே வரும் நீர் குறையும், வடியும் வேகமும் குறையும், வண்டல் தங்கும். தங்கிய வண்டல் மேடானதும் அங்கே இன்னொரு கரை. நிலக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இதையே செய்தார்கள். ஊரார் முறையிட்டும் நிற்கவில்லை. பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

வெளியே கடலும் சும்மா இல்லை. தென்மேற்கு அலைகள் கூழாங்கல்லைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறையைக் காக்க எட்டாம் ஹென்றி காலத்தில் கட்டிய கேம்பர் கோட்டை 1543இல் முடிந்தது. 1637இல் காவற்படையை விலக்கினார்கள். கூழாங்கல் குவிந்து கரை நீண்டதால் கடல் அதற்குள் தள்ளிப் போயிருந்தது. பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் பாடுபட்டு வேறு இடத்தில் வெட்டிய புதுத் துறையும் 1787இல் திறந்து, அதே ஆண்டில் கைவிடப்பட்டது.

இப்போதும் ஆற்று வாய்க்கு மேற்கே சேரும் கூழாங்கல்லை லாரியில் அள்ளி, அது வந்த திசையிலேயே, பெட் கடற்கரைப் பக்கம் கொட்டுகிறார்கள். ரையில் மீன்பிடிப் படகுகள் இன்றும் உண்டு. ஆனால் ஓதம் வடிந்ததும் அவை சேற்றில் உட்கார்ந்துவிடும். படகில் போவதானால் உச்ச ஓத நேரத்தைப் பார்த்து, அதையொட்டியே உள்ளே நுழைய வேண்டும்.