குதிரை மருத்துவரின் உதவியாளர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாய், பூனைகளுக்கான மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். இப்போது லாயம் லாயமாகச் சென்று குதிரைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் சேர்ந்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே இரண்டு கண்டிப்பு. தவறான பக்கம் நின்று குதிரையைப் பிடித்தேனாம். நொண்டும் குதிரையை ஓட்டிக் காட்டியபோது நொண்டலையே மறைத்துவிட்டேனாம். இரண்டும் புரியவில்லை. எங்கிருந்து கற்றுக்கொள்வது?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

இரண்டு கண்டிப்பும் நியாயமானவை. அங்கிருந்தே தொடங்கலாம்.

மருத்துவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கமே நீங்களும் நிற்க வேண்டும். குதிரை மிரண்டால் அதன் தலையை உங்கள் பக்கம் இழுப்பீர்கள். தலை இங்கே வந்தால் பின்னுடல் அந்தப் பக்கம் விலகும், உதையும் விலகும். எதிர்ப்பக்கம் நின்று அதே இழுப்பை இழுத்தால் பின்னங்கால்கள் நேராக மருத்துவர் மேல் போகும். அவர் பக்கம் மாறும்போதெல்லாம் நீங்களும் மாறுங்கள். நேர் முன்னால் நிற்காதீர்கள். முன்னங்காலை வீசி அடிக்கும். தோளருகே நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடியுங்கள். ஐந்நூறு கிலோ உடலைப் பலத்தால் நிறுத்த முடியாது. அது எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கிறோம்.

இனி நொண்டல். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். மருத்துவர் முதலில் தேடுவது இந்தத் தலையசைப்பைத்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை அசையாது, நோயும் தெரியாது. நீங்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும். கயிறு தொய்வாக இருக்கட்டும். நீங்கள் தோளருகே, குதிரையைத் திரும்பிப் பார்க்காமல், எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து நேர்கோட்டில், ஒரே வேகத்தில் ஓடுங்கள். திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, குதிரையை உங்களிடமிருந்து விலக்கித் திருப்புங்கள். உங்கள் பக்கம் திருப்பினால் காலை மிதிக்கும். மூட்டை மடக்கிப் பிடித்துச் சோதிக்கும்போது பெரும்பாலும் அறுபது நொடி பிடிப்பார்கள். காலை விட்ட கணமே ஓட்டம் தொடங்க வேண்டும். கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்றால் அந்தச் சோதனை வீண்.

வயிற்றுவலி என்று அழைப்பு வந்தால் வரிசை முக்கியம். மயக்க மருந்து போடும் முன்பே நாடித்துடிப்பையும் குடல் ஓசையையும் குறித்துவிட வேண்டும். சைலசின் போன்ற மயக்க மருந்துகள் இரண்டையும் குறைத்துவிடும். பிறகு எடுக்கும் எண் நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்க்கும் முன் வெப்பநிலை எடுங்கள். உள்ளே காற்று போனால் அளவு குறைவாகக் காட்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸ். துடிப்பு அறுபதைத் தாண்டி நின்றால் உடனே சொல்லுங்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் தேங்குவது, மருத்துவர் மூக்கு வழியே இரைப்பைக்குள் விடும் மூக்குக் குழாய் வழியேதான் வெளிவர வேண்டும், இல்லையென்றால் இரைப்பை வெடித்துவிடும். ஆகவே லிட்டர் கோடு போட்ட இரண்டு வாளிகள் வையுங்கள். குழாயில் நான்கு லிட்டர் தண்ணீர் உள்ளே விட்டு ஏழு லிட்டர் வெளியே வந்தால் கணக்கு மூன்று. இரண்டுக்கு மேல் போனாலே மருத்துவரின் முடிவு மாறக்கூடும். அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பு.

சிரையில் மயக்க ஊசி போட்டதும் சில நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மருந்து பிடிக்கும் முன் மிரண்ட குதிரைக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. தலை தொங்கிவிட்டது என்று நம்பிப் பின்னால் போகாதீர்கள்; தூங்குவதுபோல் நிற்கும் குதிரையும் குறி தவறாமல் உதைக்கும். முழுதாகத் தெளியும்வரை வைக்கோலை எட்டாமல் வையுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஊசி தவறிக் கழுத்துத் தமனிக்குள் போனால் குதிரை அந்தக் கணமே வலிப்போடு விழும். கயிற்றை விட்டுவிட்டு விலகுங்கள். சுவருக்கும் குதிரைக்கும் நடுவே நிற்கக் கூடாது என்பது இதற்காகவும்தான்.

மருந்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கிருமிகளைக் கொல்லும் புரோகெய்ன் பெனிசிலின் தசைக்கு மட்டும். இரத்தக் குழாயில் போனால் குதிரை வெறிகொண்டு பாயும். வலி குறைக்கும் ஃபுளூனிக்சின் ஊசி சிரைக்கு மட்டும். தசையில் போட்டால் அரிதாக அங்கே கிருமி பெருகித் தசையே அழுகி உயிர் போகலாம். எனவே மருந்து ஏற்றிய ஒவ்வொரு சிரிஞ்சிலும் பெயர் எழுதுங்கள். பெட்டைக் குதிரைகளுக்குச் சினைப்பருவத்தை வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை கட்டாயம். கருவுற்றிருப்பவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

எக்ஸ்ரேயில் ஈயக் கவசம் சிதறும் கதிரைத்தான் தடுக்கும், நேர்க்கதிரைத் தடுக்காது. ஈயக் கையுறை போட்ட கையும் கதிரின் பாதைக்குள் வரக் கூடாது. படம் பதியும் பலகையை நீளக் கைப்பிடியால் பிடியுங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் உங்கள் மேல் படுவது கால்பங்காகக் குறையும்.

காய்ச்சலும் தாடைக்குக் கீழே வீக்கமும் உள்ள குதிரையைப் பற்றித் தகவல் வந்தால், ஸ்டிராங்கில்ஸ் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அந்த லாயத்தை அன்றைய கடைசிப் பயணமாக வைக்கும்படி மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். அது வாளி, கயிறு, கை, மூக்குக் குழாய் எல்லாவற்றிலும் தொற்றும். பூட்ஸில் சாணம் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே மருந்துத் தண்ணீரில் நனையுங்கள். வண்டியில் ஏறும் முன்பே.